மாமனார் எழுதியதாகச் சொல்லும் உயிலை மருமகளும் பேத்தியும் எதிர்க்க முடியுமா?

தாமரை

வணக்கம். நான் கேட்பது எனக்காக மட்டும் இல்லை, பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காகவும்தான். அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

என் கணவர் 2017ல் இறந்துவிட்டார். வீட்டுக்கு மூத்தவர் அவர். அவருக்குக் கீழே ஒரு தம்பி, ஒரு தங்கை. மாமனார் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தத் தை மாதம் அவரும் தவறிவிட்டார். மாமியார் கொழுந்தன் வீட்டில் இருக்கிறார்.

கருமாதி எல்லாம் முடிந்த பிறகு, சொத்து விஷயம் என்ன என்று நாத்தனார்தான் பேச்சை எடுத்தார். கொழுந்தன் உள்ளே போய் ஒரு உயிலைக் கொண்டுவந்து காட்டினார். பதிவு செய்யாத உயில். டைப் அடித்திருந்தது. மாமனார் கட்டிய வீடு, பக்கத்தில் வாங்கிப்போட்ட மனை, அவருடைய தாத்தா காலத்து நிலம், எல்லாமே கொழுந்தனுக்கு. நாத்தனாருக்கு ஒன்றும் இல்லை, மாமியாருக்கும் ஒன்றும் இல்லை. அதில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை: "என் மூத்த மகன் வாரிசு இல்லாமல் இறந்துவிட்டார்." பேத்தியை மடியில் உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர் அவர். அவள் பள்ளிக்கூட ரேங்க் கார்டில், அப்பா இல்லை என்பதால், தாத்தாதான் கையெழுத்துப் போடுவார். அவர் இப்படி எழுதச் சொல்லியிருப்பாரா?

கையெழுத்து என்று சொன்னேன் இல்லையா, உயிலில் கையெழுத்தே இல்லை. கைநாட்டு இருக்கிறது. சாவதற்கு இரண்டு மாதம் முன்புகூட ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழில் அவர் கையெழுத்துத்தான் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். உயிலின் தேதியோ அதற்கும் முந்தைய தேதி. சாட்சி இரண்டு பேர். ஒருவர் கொழுந்தனின் மச்சான். மற்றவரை எங்கள் யாருக்கும் தெரியாது.

சொந்தக்காரர்கள் சொல்வது இதுதான்: "மகனே போய்விட்டான், மருமகளுக்கு ஏது உரிமை? அவர் சம்பாதித்தது, அவர் இஷ்டப்பட்டவர்களுக்கு எழுதுவார். கோர்ட்டுக்குப் போனால் உள்ளே நுழையவே விடமாட்டார்கள்." இது உண்மையா? எனக்கு எதிர்க்க உரிமை இல்லை என்றால், என் மகளுக்காவது உண்டா? அவள் மைனர்.

நேர்வழி

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் சட்டம். மருமகளுக்கு மாமனார் சொத்தில் உரிமை கிடையாது. பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

பழைய குமாஸ்தா

அம்மா, நான் வக்கீல் இல்லை. சிவில் வக்கீல் ஒருவரிடம் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன். உயில் வழக்குக் கட்டுகளை நிறைய தூக்கியிருக்கிறேன், சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன். கடைசியில் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் மேலே நண்பர் சொன்னதைத் திருத்துகிறேன். அவர் சொன்னதில் பாதி சரி. கணவர் உயிரோடு இருக்கும்போது மருமகளுக்கு மாமனார் சொத்தில் வாரிசு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் அந்த நிலையில் இல்லை. 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் முதல் வகுப்பு வாரிசுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மனைவி, மகன், மகள், தாய் இவர்களோடு, முன்னதாக இறந்துபோன மகனின் மனைவி, மகன், மகள் என்றும் அதில் எழுதியிருக்கிறது. அதாவது, தகப்பனுக்கு முன்னால் மகன் இறந்துவிட்டால், அந்த மகனின் இடத்தில் அவன் மனைவியும் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். சொந்தக்காரர்கள் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான். "மகனே போய்விட்டான்" என்று அவர்கள் சொல்கிறார்களே, அவர் முன்னதாகப் போனதால்தான் உங்களுக்கு நேரடியாக உரிமை வருகிறது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். உயிலே இல்லை என்று வைத்துக்கொண்டால், மாமனாரின் சுயசம்பாத்தியம் நான்கு பங்கு ஆகும். மாமியாருக்கு ஒன்று, கொழுந்தனுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, உங்கள் கணவர் கிளைக்கு ஒன்று. அந்தக் கால் பங்கை நீங்களும் மகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வீர்கள். ஆளுக்கு எட்டில் ஒன்று.

இனி எதிர்க்கும் உரிமை. யார் வந்து கேட்டாலும் எங்கள் வக்கீல் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "இந்த உயில் இல்லை என்று வை, உனக்கு ஏதாவது வருமா?" வரும் என்றால் நீங்கள் எதிர்க்கலாம். வராது என்றால் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் முடியாது. வருவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சட்டப்படியான வாரிசாக இருப்பது. இன்னொன்று, அதே மனிதர் முன்னால் எழுதிய வேறொரு உயிலில் உங்களுக்கு ஏதாவது எழுதியிருப்பது. பிந்தைய உயில் விழுந்தால் முந்தையது எழுந்து நிற்கும், அதனால் அதில் பெயர் உள்ளவரும் எதிர்க்கலாம்.

இதில் பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் என்று பார்ப்பதில்லை. பிர்லா குடும்பத்து அம்மையார் ஒருவர் சொத்து முழுவதையும் தன் ஆடிட்டர் பெயருக்கு எழுதிவைத்ததாக வந்த வழக்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். கிருஷ்ணகுமார் பிர்லா எதிர்த்து நின்றார். 2008ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிர்க்கும் தகுதி இல்லை என்றது. அந்த உயில் விழுந்தாலும் வாரிசு வரிசையில் அவருக்கு ஒன்றும் வந்து சேராது என்பதுதான் காரணம். அதே 2008ல், தமிழ்நாட்டிலிருந்து போன வேறொரு வழக்கில், சொத்தில் சிறிதளவு அக்கறை இருந்தாலே போதும், பேரப்பிள்ளைகள் எதிர்க்கலாம் என்று சொல்லி, அவர்களுக்குச் சொல்லாமல் வாங்கிய புரொபேட்டை (உயில் மெய் என்று நீதிமன்றம் தரும் சான்று) ரத்து செய்ததை ஏற்றுக்கொண்டது. உங்கள் மகளுக்கு இருப்பது சிறிதளவு அக்கறை இல்லை அம்மா, முதல் வகுப்பு வாரிசின் உரிமை. மைனர் என்பதால் அவள் சார்பில் நீங்கள் காப்பாளராக நின்று வழக்குப் போடலாம்.

அடுத்தது, பலருக்கும் தெரியாத விஷயம். உயில் பொய் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் இல்லை. உயில் மெய் என்று நிரூபிக்கும் பாரம் அதைக் கொண்டுவந்தவர் தலையில் இருக்கிறது. 1959ல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றுவரை எல்லா நீதிமன்றமும் எடுத்துச் சொல்கிறது: உயிலில் சந்தேகப்படும்படி ஏதாவது இருந்தால், அந்தச் சந்தேகத்தை உயிலைக் கொண்டுவந்தவர்தான் விலக்க வேண்டும். எழுதியவர் சாட்சி சொல்ல வரமாட்டார் என்பதால் நீதிமன்றம் இதில் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்கும்.

நீங்கள் எழுதியதிலேயே சந்தேகத்துக்கு இடம் தரும் விஷயங்கள் கிடக்கின்றன. வாழ்நாள் முழுக்கக் கரும்பலகையில் எழுதிய ஆசிரியர் கைநாட்டு வைத்தது. கைநாட்டு வைத்த தேதிக்குப் பிறகும் வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டது. உயிரோடு இருக்கும் பேத்தியை இல்லை என்று எழுதியது. கட்டிய மனைவிக்குக் குடியிருக்கக்கூட உரிமை எழுதாதது. லாபம் அடைகிறவரின் மச்சானே சாட்சி. கைநாட்டு வைத்த உயில் சட்டப்படி செல்லும், அதை மறக்க வேண்டாம். கையெழுத்துப் போட முடியாத நோய் இருந்தது என்று அவர்கள் காட்டினால் அந்தச் சந்தேகம் விலகிவிடும். ஆனால் அந்த வாழ்நாள் சான்றிதழ் அதற்குக் குறுக்கே நிற்கும். அதன் நகலை ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். வங்கியில் பணம் எடுத்த சீட்டு, மருத்துவமனைக் காகிதங்கள், மகளின் ரேங்க் கார்டு, அவர் கையெழுத்துள்ள எதையும் தூக்கிப்போட வேண்டாம்.

கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அவர் எப்போதாவது பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அவருடைய பெருவிரல் ரேகை இருக்கும். நீதிமன்றம் மூலம் அதை வரவழைத்து ரேகை நிபுணரிடம் அனுப்பும்படி மனுப் போடலாம். அங்கே போகும்போது, அவர் வேறு உயில் ஏதாவது பதிவு செய்திருக்கிறாரா என்றும் தேடச் சொல்லுங்கள். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை அவருக்கோ அவர் முகவருக்கோதான் கொடுப்பார்கள். இறந்த பிறகு, யார் விண்ணப்பித்தாலும் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

சாட்சிகளைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயில் வழக்கில் வெற்றி தோல்வி அங்கேதான் இருக்கிறது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63வது பிரிவுப்படி, குறைந்தது இரண்டு சாட்சி வேண்டும். எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துத்தான்" என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் கண்முன்னால் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சியும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. வழக்கு வந்தால், அந்தச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி இதைச் சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மச்சான் ஏறுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறை, என்ன நேரம், மை யார் கொண்டுவந்தது, எந்தக் கை விரல், டைப் அடித்த காகிதத்தை யார் கொண்டுவந்தது, அவருக்கு யார் படித்துக் காட்டியது, மாமியார் அப்போது எங்கே இருந்தார்? உண்மையில் நடந்ததற்கு ஒருவன் ஒரே மாதிரி பதில் சொல்வான். நடக்காததற்குச் சொல்வது கஷ்டம். நல்ல வக்கீல் ஒருவர் அரை மணி நேரம் கேட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. "ரேகை அவருடையதே இல்லை" என்றும், "மிரட்டி வைக்க வைத்தார்கள்" என்றும் இரண்டையும் சேர்த்துப் பலர் மனுவில் எழுதிவிடுவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். தவிர, மிரட்டல், மோசடி என்று குற்றம் சாட்டினால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் வந்துவிடும். வெறுமனே "இந்த உயிலை நான் ஒப்புக்கொள்ளவில்லை, நிரூபியுங்கள்" என்று நிற்பது பல நேரம் பலமான நிலை.

நிலத்தைப் பற்றித் தனியாகப் பாருங்கள். அது சட்டப்படி பூர்வீகமாக இருந்தால், அதில் உங்கள் கணவருக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. மாமனார் தன் பங்கை மட்டும்தான் உயில் எழுத முடியும். உங்கள் கணவர் பங்கு அவர் இறந்த அன்றே உங்களுக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் சமமாக வந்துவிட்டது. மாமனாரின் எந்த உயிலும் அதைத் தொட முடியாது. ஆனால் பேச்சில் பூர்வீகம் என்று சொல்வதெல்லாம் சட்டத்தில் பூர்வீகம் ஆகாது. 1956க்குப் பிறகு தகப்பனிடமிருந்து வாரிசாக வந்தது பொதுவாகத் தனிச்சொத்தாகத்தான் பார்க்கப்படும். அதனால் மாமனாரின் தகப்பனார் எந்த வருடம் இறந்தார், நிலம் யார் பெயரிலிருந்து யார் பெயருக்கு எப்படி மாறியது என்று பழைய பட்டா, பத்திரங்களைத் தேடி எடுங்கள்.

எப்படி எதிர்ப்பது? கொழுந்தன் புரொபேட் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனால், உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும். அப்போது கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்ற ஆட்சேபணை, போட்டால், அது சாதாரண மனுவாக இருக்காது, முழு வழக்காக மாறிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதை டி.ஓ.எஸ். என்பார்கள். உங்களுக்குத் தெரியாமல் வாங்கிவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் வழங்கிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும். அவர் நீதிமன்றத்துக்கே போகாமல் உயிலை வைத்துப் பட்டா மாற்றப் பார்த்தால், வட்டாட்சியருக்கு ஆட்சேபணை எழுதிக்கொடுத்துவிட்டு, நீங்கள் பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள். அவர் பதிலுரையில் உயிலைச் சொல்வார். சொன்னால் அவரே நிரூபிக்க வேண்டும். விற்காமல் இருக்க இடைக்காலத் தடையும் கேளுங்கள்.

தாமரை

ஐயா, மிக்க நன்றி. படித்துவிட்டு என் மகளிடமும் காட்டினேன். "அப்போ நான் இருக்கேன்னு கோர்ட்டில் சொல்லலாமா அம்மா?" என்று கேட்டாள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கொழுந்தன் நேற்று ஆள் அனுப்பியிருந்தார். உயிலில் ஆட்சேபணை இல்லை என்று நான் எனக்கும் மகளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவள் காலேஜ் செலவைப் பார்த்துக்கொள்வாராம். மாமியாரும் அதையே சொல்லி அழுகிறார். நாத்தனாருக்கு உள்ளுக்குள் கோபம் இருக்கிறது, ஆனால் அண்ணனை எதிர்த்து வரமாட்டேன் என்கிறார். அவர்கள் இரண்டு பேரும் வராமல் நான் மட்டும் போக முடியுமா? மாமியாரையும் எதிரியாக்குவது போல் ஆகிவிடுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

கடைக்குட்டி

மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் அம்மா படுக்கையில் இருந்த காலம் முழுக்க நானும் என் மனைவியும்தான் பார்த்தோம். அம்மா வீட்டை என் பெயருக்கு உயில் எழுதி, நேரில் போய்ப் பதிவும் செய்தார். அண்ணனும் அக்காவும், "அம்மா எங்களை ஒதுக்கிவிட்டார்" என்ற ஒரே காரணத்தை வைத்து வழக்குப் போட்டார்கள். வருடக்கணக்கில் வாய்தா. அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று கோர்ட்டில் சொன்னார்கள். அதைக் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசிவரை கணக்கு நோட்டை அவரே எழுதியவர். கடைசியில் உயில் செல்லும் என்று தீர்ப்பு வந்தது, ஆனால் அக்காவோடு இன்றுவரை பேச்சு இல்லை. எதிர்க்கும் உரிமை இருக்கிறது என்பதாலேயே எதிர்க்க வேண்டும் என்பதில்லை.

பழைய குமாஸ்தா

கடைக்குட்டி தம்பி சொன்னது முழுக்க நியாயம். எதிர்க்கும் தகுதி வேறு, எதிர்க்கக் காரணம் வேறு. வாரிசாக இருப்பது உங்களைக் கதவைத் தாண்டி உள்ளே விடும், அவ்வளவுதான். "என்னை ஒதுக்கிவிட்டார்" என்பது மட்டும் காரணம் ஆகாது. வாரிசு வரிசையை மாற்றத்தானே ஒருவர் உயிலே எழுதுகிறார் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சுயபுத்தியோடு, சுய விருப்பத்தோடு, இரண்டு சாட்சி முன்னால் ஒரு தாய் எழுதியதைப் பிள்ளைகள் மதிக்கத்தான் வேண்டும். வயதானவர், கண் தெரியாதவர், காது கேளாதவர்கூட, தான் செய்வது என்ன என்று தெரிந்திருந்தால் உயில் எழுதலாம். பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு எழுதுவதில் தவறு ஒன்றும் இல்லை.

தாமரை அம்மா கேட்பது அதுவல்ல. இது மாமனார் எழுதியதுதானா என்று கேட்கிறார். அவர் உண்மையிலேயே எழுதியிருந்தால் சாட்சிகள் வந்து சொல்லட்டும், ஏற்றுக்கொள்ளலாம். எழுதவில்லை என்றால், அந்த மனிதர் சொல்லாத ஒரு சொல்லை அவர் சொன்னதாகக் காலத்துக்கும் விட்டுவைக்கக் கூடாது. பேத்தி இல்லை என்று ஒரு தாத்தா பெயரில் எழுதியிருக்கிறது, எனக்கு அதுதான் பணத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், அது உங்கள் விருப்பம். மகளின் பங்கை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. மைனரின் அசையாச் சொத்தை நீதிமன்ற அனுமதி இல்லாமல் இயற்கைக் காப்பாளர்கூட மாற்றிக்கொடுக்க முடியாது. வழக்கில் சமரசம் செய்வதானாலும் மைனருக்கு நல்லது என்று நீதிமன்றம் பார்த்து அனுமதிக்க வேண்டும். காலேஜ் செலவு என்பது வாய்ப்பேச்சு. கையெழுத்தோ காகிதத்தில் நிற்கும்.

மாமியாரும் நாத்தனாரும் வரவில்லை என்றாலும் நீங்கள் போகலாம். பாகப்பிரிவினை வழக்கில் எல்லா வாரிசையும் சேர்த்தே ஆக வேண்டும். வாதியாக வராதவர்களைப் பிரதிவாதியாகப் போடுவார்கள். சம்மன் வரும்போது மாமியார் பயந்துவிடுவார், அதனால் முன்கூட்டியே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்: இது உங்களுக்கு எதிராக இல்லை அத்தை, உங்களுக்கும் இதில் நாலில் ஒரு பங்கு வருகிறது என்று. நாத்தனார் நடுவில் வந்து "எனக்கும் பங்கு கொடுங்கள்" என்று கேட்டாலும் நீதிமன்றம் கொடுக்கும். இதுபோன்ற குடும்பங்களில் முதலில் ஒருவர் அடி எடுத்துவைத்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வழக்குப் போட்ட பிறகும் பேசலாம். நீதிமன்ற வளாகத்திலேயே சமரச மையம் இருக்கிறது. அங்கே பேசி முடித்தால் காகிதத்தில் வரும், நீதிமன்றம் ஏற்கும். அழுகையை நடுவில் வைத்துப் பேசுவதைவிட அது எல்லோருக்கும் நல்லது.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கவலை இருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கொடுக்க வேண்டும் என்று 1987ஆம் வருடச் சட்டமே இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக்கொடுங்கள், வக்கீல் ஒருவரை அமர்த்தித் தருவார்கள்.

பக்கத்துவீடு

ஐயா, நடுவில் ஒரு கேள்வி. பிள்ளை இல்லாத ஒரு பெரியவரை நான் பல வருடம் கவனித்துக்கொண்டேன். சொந்தம் கிடையாது. வீட்டை எனக்குத்தான் தருவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். இறந்த பிறகு அண்ணன் மகன் ஒருவர் உயிலோடு வந்துவிட்டார். நான் எதிர்க்கலாமா? மருந்துக்கு நான் கொடுத்த பணமே நிறைய.

பழைய குமாஸ்தா

வாயால் சொன்னது போதாது தம்பி. அந்த உயில் விழுந்தாலும் வீடு அவருடைய வாரிசுகளுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. அதனால் உயிலை எதிர்க்கும் இடம் உங்களுக்கு இல்லை. அவர் உங்கள் பெயருக்கு எப்போதாவது உயில் எழுதியிருந்தால் நிலைமை மாறும், சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் தேடுங்கள். எழுதியது கிடைத்தால், இரண்டில் எது பிந்தையது என்பதுதான் கேள்வி. பதிவு செய்தது பெரியது, செய்யாதது சின்னது என்று இல்லை. ஒழுங்காக நிரூபிக்கப்படும் கடைசி உயில்தான் நிற்கும். நீங்கள் கொடுத்த பணத்தைக் கடனாகக் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால், சொத்தை எடுப்பவர் அதிலிருந்து கடனைத் தீர்க்க வேண்டியவர். அதைத் தனியாகக் கேளுங்கள், உயிலோடு கலக்க வேண்டாம். அதேபோல, "அந்தச் சொத்தே அவருடையது இல்லை, என்னுடையது" என்று சொல்கிறவர்களும் உயிலை எதிர்ப்பதில் பயன் இல்லை. புரொபேட் கொடுக்கும் நீதிமன்றம் உயில் மெய்யா என்று மட்டும்தான் பார்க்கும், சொத்து யாருடையது என்று பார்க்காது. அதற்குத் தனி வழக்குத்தான்.

சலீம்_88

இஸ்லாமியக் குடும்பத்துக்கும் இதே கணக்குத்தானா?

பழைய குமாஸ்தா

இல்லை. கடன், அடக்கச் செலவு போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். அதனால் அங்கே, உயில் மெய்யாகவே இருந்தாலும், கூடுதலாக எழுதிய பகுதிக்கு வாரிசு ஆட்சேபணை சொல்லலாம். வாரிசில் ஒருவருக்கே எழுதினால், மற்ற வாரிசுகள் சம்மதம் பெரும்பாலும் தேவைப்படும். இன்னொரு வித்தியாசம்: வேறு மகன் உயிரோடு இருந்தால், முன்னதாக இறந்த மகனின் பிள்ளைகள் வாரிசாக வருவதில்லை. தாமரை அம்மாவுக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் தனி வரிசை இருக்கிறது. ஆனால் "உயில் இல்லாவிட்டால் உனக்கு வருமா" என்ற கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்.

தாமரை

ஐயா, இன்று மாமியாரைப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னதையே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் கைநாட்டு வைத்ததை நான் பார்க்கவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை" என்றார். உயிலில் போட்டிருக்கும் தேதியில் இரண்டு பேரும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்ததாக ஞாபகம் என்றும் சொல்கிறார். இதை அவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளலாமா? உயிலின் நகலும் என்னிடம் இல்லை. அன்றைக்குக் கையில் வாங்கிப் படித்ததோடு சரி.

பழைய குமாஸ்தா

எழுதி வாங்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்லிக்கொடுத்து எழுதியது என்று பின்னால் சொல்வார்கள், அவருக்கும் வீட்டில் சங்கடம் வரும். அவர் சொல்ல வேண்டிய இடம் சாட்சிக் கூண்டு. வக்கீலிடம் மட்டும் இதைச் சொல்லுங்கள். நாத்தனார் வீட்டுக்குப் போனது பஸ்ஸிலா, ரயிலிலா, யாராவது படம் எடுத்தார்களா, அங்கே மருத்துவரைப் பார்த்தார்களா என்று நாத்தனாரிடம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். போனில் இருக்கும் படத்தில் தேதி இருக்கும், அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தேதியில் அவர் வேறு ஊரில் இருந்தது தெளிவானால், மச்சான் கூண்டில் ஏறுவதற்கு முன்பே யோசிப்பார்.

உயில் நகலை வக்கீல் நோட்டீஸ் மூலம் கேளுங்கள். கொடுக்காவிட்டால் அதுவும் பின்னால் உங்களுக்குச் சாதகம்தான். எப்படியும் வழக்கில் அசலை அவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும். மகளின் பிறப்புச் சான்று, உங்கள் கணவரின் இறப்புச் சான்று, அவருக்கு 2017ல் எடுத்த வாரிசுச் சான்று இருந்தால் அது, மாமனாரின் இறப்புச் சான்று, வீட்டு மூலப்பத்திர நகல், வில்லங்கச் சான்று, இவற்றை ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். வில்லங்கச் சான்றை முதலில் எடுங்கள், கொழுந்தன் இதற்குள் ஏதாவது பத்திரம் பதிந்திருக்கிறாரா என்று அதில் தெரிந்துவிடும்.